சுடலை அண்ணாச்சியின் மூச்சு

மண்ணரையில் சுடலை அண்ணாச்சி குடியிருந்த லைன் வீடுகளில் யாரும் அலாரம் வைத்துக்கொண்டதில்லை. காலை ஐந்தரை மணிக்கு அவர் துணி துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து, பேஸைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு சுரம் ஊதுவார். பேண்டு வாத்தியங்களில் ஆகப் பெரியது பேஸ்தான். அதன் வாய் வானத்தைப் பார்த்து விரிந்திருக்கும். ஒரு கைக்குழந்தையை உள்ளே உட்கார வைக்கலாம். அதில் ஆக அடியில் கிடக்கிற சுரத்தைத்தான் அண்ணாச்சி ஊதுவார். பாட்டும் கிடையாது, பல்லவியும் கிடையாது. அந்தச் சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னால் வயிற்றுக்கு வந்துவிடும். குடத்தின் மேல் கவிழ்த்து வைத்த டம்ளர் கிடுகிடுவென்று ஆடும்.

பக்கத்தில் அவர் மகள் சித்ராதேவி நின்றுகொண்டு சத்தமாக எண்ணுவாள். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று போய் இருபத்திரண்டில் முடியும். ஒரு நாள் இருபத்தொன்று, ஒரு நாள் இருபத்துமூன்று. அதற்குக் குறைந்து நான் கேட்டதில்லை. முடித்ததும் அண்ணாச்சி வாத்தியத்தை இறக்கி வைத்துவிட்டு, "ஆச்சு. இன்னைக்கும் நெஞ்சு கெட்டியா இருக்கு" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்புவார்.

இதைக் கிறுக்குத்தனம் என்று சிரிக்கிறவர்கள் அவர் வேலை பார்த்த இடத்தைப் பார்க்காதவர்கள். பிளீச்சிங் பட்டறை. துணியை வெளுக்கிற மருந்துப் புகைக்குள்ளே பத்து மணி நேரம் நிற்க வேண்டும். புதிதாகப் போகிறவன் முதல் நாள் கண்ணைத் திறக்க மாட்டான். பத்து வருடம் நின்றவன் படியேறினால் நடுவில் உட்கார்ந்துகொள்வான். அண்ணாச்சியோடு நின்ற காளியப்பன் என்பவர் இருமி இருமி, பெரியாஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து, எடுத்த இருபதாம் நாள் செத்துப்போனார். அதிலிருந்து அண்ணாச்சிக்கு எக்ஸ்ரே என்ற பேரைக் கேட்டாலே ஆகாது. "எக்ஸ்ரே எடுத்தவன் எவன் பொழச்சான்? எனக்கு இதுதான் எக்ஸ்ரே" என்று பேஸைத் தட்டிக் காட்டுவார். உள்ளே நெஞ்சு கெட்டால் முதலில் போவது அந்த அடிச்சுரம்தான், அது வருகிறவரை தனக்கு ஒன்றும் இல்லை என்பது அவர் கணக்கு. ஒரு வகையில் அந்தக் கணக்கு தப்பும் இல்லை. அதைத் தப்பாக்கியவன் நான்.

என் பெயர் பிரபாகர். நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் மாஸ்டர். முகூர்த்த நாட்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் லிங்கசாமியின் பேண்டு செட்டில் கிளாரினெட் வாசித்தேன். பாட்டு என்றால் கிளாரினெட்தான். ஜனங்கள் வாய் பிளந்து கேட்பது என்னைத்தான் என்று ஒரு நினைப்பு. பேஸ் ஊதுகிறவன் பின்னால் நின்று பூம் பூம் என்கிற ஆள், அவ்வளவுதான் என்று எனக்கு ஒரு இளக்காரம் இருந்தது.

அண்ணாச்சி நாங்குநேரிப் பக்கம். அங்கே ஒரு தேவாலயத்தில் பேண்டு உண்டு. பேஸைத் தூக்குகிற அளவுக்கு உடம்புள்ள ஆள் சபையில் இல்லாததால், சுடலை என்று பேர் வைத்த இந்துப் பையன் என்றும் பாராமல் பாதிரியார் இவரைக் கூப்பிட்டுக் கற்றுக்கொடுத்தாராம். தொண்ணூற்றொன்றில் பெண்டாட்டி மூக்கம்மாளையும் நாலு வயது மகளையும் கூட்டிக்கொண்டு திருப்பூருக்கு வந்தார். கோபக்காரர். கல் மாதிரி கை. ஆனால் மகளிடம் மட்டும் குரல் உயராது. சித்ராதேவி பிளஸ் டூவில் நல்ல மார்க். கோயமுத்தூரில் நர்சிங் படிக்க வைக்கப் போவதாக எங்களிடம் நூறு தடவை சொல்லியிருப்பார். விண்ணப்பப் பாரம் வாங்கி வந்து, சாமிப் படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்தார்.

அந்த வீட்டில் ஒரே ஒரு தலைவலி மாரிச்செல்வம். மூக்கம்மாளின் தம்பி. மடத்துக்குளத்தில் கரும்பு வெட்டுகிற ஆட்களுக்கு மேஸ்திரி. வயது முப்பத்துநாலு. முதல் பெண்டாட்டி மூன்றே மாதத்தில் உதட்டில் தையலோடு அம்மா வீட்டுக்கு ஓடிப்போனாள். தாய்மாமன் உரிமை என்று சித்ராதேவியைக் கேட்டு இரண்டு தடவை வந்தான். இரண்டாவது தடவை அண்ணாச்சி அவன் சட்டையைப் பிடித்துத் தெருவில் தள்ளி, "நான் உசுரோட இருக்க வரைக்கும் எம்மவ உனக்கு இல்லல. செத்தப் பொறவு வா" என்றார். லைன் வீடு மொத்தமும் கேட்டது.

2005 வைகாசியில் நல்லூரில் ஒரு கம்பெனி முதலாளி வீட்டுக் கல்யாணம். நான் அன்றைக்கு மூன்று பாட்டு உயிரைக் கொடுத்து வாசித்தேன். என் மனைவி வீட்டு ஆட்கள் அந்தப் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது பாட்டு முடிகிற இடத்தில் நான் ஒரு சுற்றுச் சுற்றி மேலே போய் நிற்கிறேன். நான் நிறுத்தின பிறகும் பின்னால் அண்ணாச்சி அடிச்சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறார். எண்ணிக்கை போய்க்கொண்டே இருக்கிறது. பந்தலில் இருந்தவர்கள் எல்லாம் என்னை விட்டுவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தார்கள், கை தட்டினார்கள். முதலாளி எழுந்து வந்து, "மனுசனுக்கு நெஞ்சா, இல்லை எஞ்சினுங்களா?" என்று ஒரு பட்டுத் துண்டை எடுத்து அவர் தோளில் போர்த்தினார். என்னைப் பார்த்து ஒரு தலையாட்டல். என் மச்சான் அதைப் பார்த்துச் சிரித்தான். எனக்கு வயிறு எரிந்தது. இவ்வளவுதான் காரணம், இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு ஊர்வலம் இருந்தது. காலையில் எல்லாரும் டீ குடிக்கப் போனபோது, கம்பெனியிலிருந்து கொண்டுவந்த பனியன் வேஸ்ட்டை எடுத்தேன். மெஷின் துடைக்கிற துணிதான். இரண்டு கைப்பிடி எடுத்து உருட்டி, பேஸின் வாய்க்குள் போட்டு, ஒரு மூங்கில் குச்சியால் வளைவைத் தாண்டி நெட்டித் தள்ளினேன். பனியன் துணி உள்ளே போனதும் விரிந்து பிடித்துக்கொள்ளும். மேலேயிருந்து எட்டிப் பார்த்தால் தெரியாது. லிங்கசாமி பார்த்துவிட்டார். பேண்டு மாஸ்டர் தடுக்க வேண்டியவர் இல்லையா? அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மற்ற ஆறு பேரும் டீக்கடையிலிருந்து வந்ததும் அவர்களுக்கும் ஜாடை காட்டினார்.

ஊர்வலத்தில் அண்ணாச்சி ஊதினார். மேல் சுரங்கள் ஏதோ சளி பிடித்த குரலில் வந்தன. அடிச்சுரம் வரவில்லை. வெறும் காற்று. கன்னம் உப்ப, கழுத்து நரம்பு புடைக்க மறுபடி ஊதினார். ஆறு எண்ணுவதற்குள் மூச்சு தீர்ந்து, வாயை எடுத்துவிட்டார். நாங்கள் முன்னால் நடந்துகொண்டே தோள் குலுங்கச் சிரித்தோம். சாயங்காலம் உண்மையைச் சொல்லி, எல்லாரும் சேர்ந்து இன்னொரு தடவை சிரிப்பதாகத்தான் பேச்சு.

சாயங்காலம் அவர் வாத்தியத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறினார். நாலு பூவிதழும் ஒரு நிலக்கடலையும் விழுந்தன. வேறு ஒன்றும் விழவில்லை. "மாஸ்டரே, நீங்க கொஞ்சம் ஊதிப் பாருங்களேன்" என்று லிங்கசாமியிடம் கொடுத்தார். லிங்கசாமி ஒரு காலத்தில் பேஸ் ஊதினவர். வாங்கி, எங்களைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, நடுவில் வருகிற சுரம் ஒன்றை மட்டும் ஊதிக் காட்டி, "வாத்தியத்துல ஒண்ணுமில்லீங்க அண்ணாச்சி. மூச்சுத்தானுங்க பத்தமாட்டேங்குது" என்றார். சொல்லிவிட்டு நாங்கள் சிரிக்கக் காத்திருந்தோம். அண்ணாச்சி முகத்தைப் பார்த்ததும் ஒருத்தனுக்கும் சிரிப்பு வரவில்லை. முகம் சாம்பலாகிவிட்டது. பேஸை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் போய்விட்டார். அப்போதே பின்னால் ஓடிப் போய்ச் சொல்லியிருக்கலாம். அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று லிங்கசாமி சொன்னார். எல்லாரும் தலையாட்டினோம்.

அடுத்த வாரம் அவர் வரவில்லை. தினமும் காலையில் கல்லின் மேல் உட்கார்ந்து ஊதியிருக்கிறார். சித்ராதேவி எண்ணியிருக்கிறாள். ஆறு. ஐந்து. ஆறு. அவளே அழுதுகொண்டு இன்னொரு தடவை ஊதச் சொல்லியிருக்கிறாள். பயந்த மனுசனுக்கு மூச்சும் கெட்டுவிடுகிறது. ஐந்தாம் நாள் நாலு. அதோடு வாத்தியத்தைச் சுவரில் மாட்டி, துணி போட்டு மூடிவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அந்தப் பெண் காலைப் பிடித்திருக்கிறாள். எக்ஸ்ரே எடுத்தால் பட்டறையில் கணக்கை முடித்து அனுப்பிவிடுவார்கள், காளியப்பனுக்கு நடந்ததுதான் தனக்கும் என்று சொல்லிவிட்டார்.

பன்னிரண்டாம் நாள் லிங்கசாமி கம்பெனி வாசலுக்கே வந்து என்னைக் கூப்பிட்டார். முகத்தில் ஈயாடவில்லை.

"ஏனுங்க பிரபாகர், அண்ணாச்சி புள்ளைக்குக் கண்ணாலமாம்."

"யாருக்குங்க? சித்ராவுக்கா? யாரு மாப்பிள்ளை?"

"அந்த மடத்துக்குளத்தாந்தானுங்க. ஆடி பொறக்கறதுக்குள்ள முடிக்கோணும்னு நாளும் குறிச்சாச்சு. அண்ணாச்சியே கூப்பிட்டுப் பொண்ணு தர்றேன்னு சொன்னாராம்."

சாகப்போகிறவன் பெண்ணை ஒரு கையில் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். தனக்குப் பிறகு மூக்கம்மாள் தம்பி வீட்டைத்தான் நம்பி நிற்க வேண்டும். அப்போது அவன் கேட்டால் யார் தடுப்பது, அதற்குப் பதில் தான் உயிரோடு இருக்கும்போதே முறையாகக் கட்டிவைத்தால் மரியாதையாக வைத்திருப்பான் என்று அண்ணாச்சி யோசித்திருக்கிறார். அப்படி யோசிப்பதில் ஒரு நியாயம்கூட இருக்கிறது. நான் அடைத்த துணிதான் நியாயமில்லாதது.

"இப்பவே போய்ச் சொல்லிப்போடலாமுங்க" என்றேன்.

"சொன்னா நம்மள ஊட்டோட வெச்சுக் கொளுத்திப்போடுவான் அந்த மனுசன். நாந்தானே ஊதிப் பாத்துச் சொன்னேன்? எனக்கும் புள்ளகுட்டி இருக்குதுங்க."

இருந்தாலும் நான் போனேன். அதை மட்டும் என் பக்கத்துக்குச் சொல்லிக்கொள்ளலாம். அண்ணாச்சி கட்டிலில் சாய்ந்திருந்தார். பாதி ஆளாகியிருந்தார். மூக்கம்மாள் டீ கொடுத்தாள். வாயைத் திறக்கப் போன நேரத்தில் அவரே ஆரம்பித்தார்.

"மொதல்ல நான் வாத்தியத்தத்தான் சந்தேகப்பட்டேன் தம்பி. எவனோ என்னமோ செஞ்சிட்டான்னு நெனச்சேன். கண்டுபிடிச்சா அவன் கொடல உருவிருப்பேன். நல்லவேள, லிங்கசாமி ஊதிப் பாத்து உள்ளதைச் சொன்னாரு. இல்லன்னா நான் ஏமாந்துகிட்டே கெடந்திருப்பேன். எம்மவளுக்கு ஒரு வழி செய்யாமச் செத்திருப்பேன்."

உள்ளே சித்ராதேவி அரிசி களைந்துகொண்டிருந்தாள். சாமிப் படத்துக்குப் பின்னால் அந்தப் பாரம் இல்லை. நான் டீயைக் குடித்து முடித்தேன். நன்றாகச் சர்க்கரை போட்டிருந்தது. டம்ளரை வைத்துவிட்டு, "உடம்பைப் பாத்துக்குங்க அண்ணாச்சி" என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். என் குடல் எனக்கு வேண்டியிருந்தது.

லிங்கசாமி ஒரு யோசனை கண்டுபிடித்தார். கல்யாணத்துக்கு நம் செட் இலவசமாக வாசிக்கும், மகள் கல்யாணத்தில் கடைசியாக ஒரு தடவை ஊதுங்கள் என்று கேட்டு, பேஸை மண்டபத்துக்கு வரவழைத்துவிட வேண்டும். வந்ததும் துணியை எடுத்துவிட்டால் முடிந்தது. மூச்சு திரும்பிவிட்டது என்று அண்ணாச்சி சந்தோசமாகப் போய்விடுவார். நமக்கும் பாவம் தீர்ந்தது. அந்தப் பெண்? "அதது தலையெழுத்துங்க. மாமனுக்குத்தானே போறா" என்றார் லிங்கசாமி.

ஆனி கடைசி முகூர்த்தம். மண்ணரையில் ஒரு சின்ன மண்டபம். ஏழரைக்குத் தாலி. ஆறரை மணிக்கு வாழை இலை அடுக்கியிருந்த அறையில் நான் பேஸை மடியில் போட்டு, குடைக்கம்பியை வளைத்துக் கொக்கியாக்கி உள்ளே விட்டு இழுத்தேன். ஐந்து நிமிடத்தில் துணி வந்துவிட்டது. எச்சிலில் ஊறி, நாற்றமடித்துக் கருத்திருந்தது. அதைச் சிவப்புக் கோட்டின் பைக்குள் திணிக்கும்போது பின்னால் புடவைச் சத்தம். கல்யாணப் பெண் நின்றுகொண்டிருந்தாள். கழுத்தில் மாலை இல்லை, இன்னும் தாலி இல்லை.

"அண்ணா, அப்பா இன்னைக்கு ஊதணும்னு ஆசைப்படறாருங்க. முடியலைன்னா எல்லாருக்கும் முன்னாடி அழுதுருவாரு. நீங்க பக்கத்துல நின்னு பாத்துக்கறீங்களா?"

இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. பைக்குள் என் கை இருந்தது, கையில் அந்தத் துணி இருந்தது. வெளியே எடுத்துக் காட்டினால் போதும். வாயைத் திறந்து பேசக்கூட வேண்டாம்.

"ஊதுவாரு கண்ணு. நீ போய் உக்காரு" என்றேன்.

போய் உட்கார்ந்தாள். மாரிச்செல்வம் மூன்று முடிச்சையும் போட்டான். அண்ணாச்சி பேஸை வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு ஊதினார்.

வந்தது. மண்டபத்துத் தகரக் கூரை அதிர்ந்தது. மணவறையில் உட்கார்ந்திருந்தவள் தலையைத் தூக்கி, ஊரைப் பற்றிய வெட்கமே இல்லாமல் எண்ண ஆரம்பித்தாள். இருபத்துநாலு. அவ்வளவு நீளம் அவர் அதற்கு முன்னால் ஊதினதே இல்லை. வாத்தியத்தை இறக்கியதும் மகளையும் மருமகனையும் கட்டிக்கொண்டு கதறினார். "தாலி ஏறின நிமிசம், பாத்தியளா? எம்மவ தாலி ஏறின நிமிசத்துல சாமி எனக்கு மூச்சத் திருப்பிக் குடுத்துட்டாரு" என்றார். மூக்கம்மாள் குலவை போட்டாள். மாரிச்செல்வம் மீசையைத் தடவிக்கொண்டு, "எல்லாம் நம்ம ராசி மாமா" என்றான். லிங்கசாமி என்னைப் பார்த்தார். நாங்கள் இதை நினைத்துப் பார்க்கவில்லை. அந்த மனுசன் நிம்மதியாகிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தோம். அவர் அதை மகளின் தாலியோடு சேர்த்து முடிச்சுப் போடுவார் என்று எங்கள் மூளைக்கு எட்டவில்லை.

கார்த்திகையில் சித்ராதேவி வந்தாள். முழங்கைக்கு மேலே சூடு போட்ட தழும்பு. குழம்பில் உப்பு அதிகமாம். அண்ணாச்சி அரிவாளை எடுத்துக்கொண்டு மடத்துக்குளம் கிளம்பினவர்தான். கதவை மறித்து நின்றவள் மூக்கம்மாள். அன்றைக்குப் பார்த்து அவருக்கு மழைச் சளி. இருமிக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் வழக்கம்போல ஊதினார். சித்ராதேவி எண்ணினாள். பன்னிரண்டில் நின்றுவிட்டது.

"பாத்தியாட்டி? நீ புருசன விட்டுட்டு வந்த மறுநாளே உங்கப்பன் மூச்சு பாதியாப் போச்சு" என்றாள் மூக்கம்மாள். அவளுக்குத் தம்பி மேல் பாசம். அண்ணாச்சி அவளை அதட்டினார், சளிதான் என்றார். ஆனால் அவர் குரலிலும் பயம் இருந்தது. மூன்றாம் நாள் காலை ஒன்பது. அன்றைக்கு யாரும் சொல்லாமல் சித்ராதேவி தானே பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். சளி விட்டு, அந்த வாரக் கடைசியில் அண்ணாச்சிக்கு இருபது வந்தது. மூக்கம்மாள் போன் போட்டு மகளிடம் சொன்னாள். அதற்குப் பிறகு அந்தப் பெண் அம்மா வீட்டில் ஓர் இரவு தங்கினதில்லை.

இதெல்லாம் எனக்குத் தெரிந்துகொண்டேதான் இருந்தது. லைன் வீட்டுப் பேச்சு நல்லூருக்கு வர எவ்வளவு நேரம்? நான் வாரத்துக்கு ஒரு தடவை அண்ணாச்சி பக்கத்தில் நின்று கிளாரினெட் வாசித்தேன். அவர் எனக்கு வெற்றிலை மடித்துக் கொடுப்பார். நான் வாங்கிப் போட்டுக்கொள்வேன்.

2007 சித்திரையில் மடத்துக்குளத்தில் மாரியம்மன் நோம்பி, தேர்த் திருவிழா. எங்கள் செட்டுக்கு அழைப்பு. தேர் கடைவீதிக்கு வந்தபோது கூட்டத்தில் சித்ராதேவி நின்றாள். இடுப்பில் ஒரு குழந்தை. இடது கண் வீங்கி மூடியிருந்தது. இருபது வயதுப் பெண்ணுக்கு நாற்பது வயது முகம். அண்ணாச்சி அவளைப் பார்த்துவிட்டார். பார்த்ததும் பாட்டை விட்டுவிட்டு அடிச்சுரத்தைப் பிடித்தார். அவளுக்காகத்தான் ஊதினார். தான் நன்றாக இருப்பதை மகளுக்குக் காட்ட வேண்டும் அவருக்கு. அவள் உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தாள். முடிந்ததும் சிரித்தாள். அடி வாங்கின முகத்தோடு அப்படி ஒரு நிறைவாகச் சிரித்தாள்.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தேர் நின்று மோர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சியைப் புளியமரத்தடிக்குக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். துணி, மூங்கில் குச்சி, லிங்கசாமியின் பொய், குடைக்கம்பி, ஒன்றையும் விடவில்லை.

அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தாலி கட்டதுக்கு முன்னாலயே எடுத்துட்டியா?"

"ஆமாங்க. ஒரு மணி நேரம் முன்னாடியே."

பேஸின் ஊதுகிற முனையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். கனத்த பித்தளை. அதாலேயே என் வாயில் அடித்தார். முன்பல் இரண்டும் அங்கேயே விழுந்தன. விழுந்த என்னை மறுபடி மறுபடி அடித்தார். செட்டு ஆட்கள் ஓடிவந்தார்கள். லிங்கசாமி மட்டும் வரவில்லை. அண்ணாச்சி என் கோட்டுக் கழுத்தைப் பிடித்துத் தூக்கி, "வால. வந்து எம்மவகிட்ட ஒன் வாயால சொல்லு. சொன்னா அவ என்கூட வந்துருவா" என்று தெருத்தெருவாக இழுத்துக்கொண்டு போனார். நான் திமிறவில்லை. சந்தோசமாகத்தான் போனேன். இன்றைக்காவது முடியட்டும் என்று இருந்தது.

சித்ராதேவி அப்போதுதான் வீடு திரும்பியிருந்தாள். மாரிச்செல்வம் இல்லை. வாசலில் என்னை முட்டி போட வைத்தார் அண்ணாச்சி. "சொல்லுல" என்றார். நான் சொன்னேன். பல் போன வாயில் பாதி வார்த்தை காற்றாகப் போனது. ரத்தம் ஒழுக ஒழுக மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கடைசி வரைக்கும் கேட்டாள்.

"அப்பா, இவரை எதுக்கு இப்படி அடிச்சீங்க?"

"செஞ்ச காரியத்துக்குட்டி. துணியெடு. பிள்ளைய எடு. கெளம்பு."

அவள் அசையவில்லை. "என்னைக் கூட்டிட்டுப் போகோணும்னு ஒரு மனுசனைப் பல்லு ஒடைய அடிச்சு, பொய் சொல்ல வெச்சுக் கூட்டியாந்திருக்கீங்களேப்பா" என்றாள்.

"பொய்யில்லட்டி. ஆத்தா மேல சத்தியம். எனக்கு நெஞ்சுல ஒண்ணுமே இல்லட்டி. இந்த நாயி துணியத் திணிச்சு வச்சிருந்தான்."

"நாந்தானேப்பா எண்ணினேன்? கண்ணாலத்தன்னைக்கு இருபத்துநாலு. நான் ஊட்டை விட்டு வந்து நின்னப்போ பன்னெண்டு, ஒம்பது. திரும்பிப் போனதும் இருபது. அப்பவும் யாரோ துணி வெச்சாங்களா?"

"அது சளிட்டி. மழைச் சளி."

"சரிப்பா. சளிதான்." குழந்தைக்குச் சொல்லுகிற மாதிரி சொன்னாள். "என்னைப் பாக்க உங்களுக்குப் பொறுக்கல. எனக்குத் தெரியுதுப்பா. ஆனா நான் வந்தா நீங்க இருக்க மாட்டீங்க. நீங்க நல்லா இருந்தாப் போதும். அவரு வர்ற நேரம், கெளம்புங்க."

அண்ணாச்சி மண்ணில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். அவள் காலைப் பிடிக்கப் போனார். அவள் பின்னால் நகர்ந்துகொண்டாள். நான் மறுபடி, "உண்மைங்க, கண்ணு, நான்தான்" என்றேன். அவள் என்னைத்தான் பாவமாகப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

"வாயக் கொப்புளிச்சுக்குங்கண்ணா. எங்கப்பா பாசத்துல இப்படிப் பண்ணிட்டாரு. மனசுல வெச்சுக்காதீங்க, மன்னிச்சிருங்க" என்றாள்.

நான் கொப்புளித்துத் துப்பினேன். துப்பின இடத்தில் அவள் இன்னொரு சொம்பு தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டாள்.